மகளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டு இடம் மாறுகிறவர்களுக்கு

மட்டக்களப்பில் தாய் வீடு பெரும்பாலும் மகளுக்குத்தான் போகிறது. கலியாணம் முடிந்து பேரப்பிள்ளையும் வந்த பிறகு, பெற்றோர் பக்கத்து வளவிலோ வாவிக்கு அப்பாலோ ஒரு சிறிய வீட்டைப் பார்த்துக்கொள்வார்கள். நானும் கோட்டைமுனை வீட்டை மூத்தவளுக்கு விட்டுவிட்டு, வாவிக்கு அப்பால் உள்ள கல்லடிக்கு வந்தவள். வாடகை வீடு மாறுகிறவர் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போகலாம். நாங்களோ ஒவ்வொரு பொருளுக்கும் முன்னால் நின்று, இது வீட்டோடு நிற்கிறதா, எங்களோடு வருகிறதா என்று தீர்மானிக்க வேண்டும். ஆகவே பெட்டி தேடுவதற்கு முன்பே புதிய வீட்டைத் தாளில் வரையுங்கள்.

சதுரக் கோடு போட்ட அப்பியாசக் கொப்பி போதும். ஒரு சதுரம் அரை அடி என்று வைத்துக்கொண்டால், பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை இருபதுக்கு இருபத்துநான்கு சதுரம். கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, யன்னல் எங்கே, பிளக் எங்கே என்று குறியுங்கள். பிறகு கட்டில், அலுமாரி, மேசை ஒவ்வொன்றையும் அளந்து, அதே கணக்கில் கடதாசித் துண்டுகளாக வெட்டிப் படத்தின்மேல் நகர்த்திப் பாருங்கள். நான்கு அடி நீளமும் இரண்டு அடி அகலமும் உள்ள அலுமாரி எட்டுக்கு நான்கு சதுரம். அதற்கு முன்னால் கதவு திறக்கவும் ஆள் நிற்கவும் இடம் வேண்டும். அலுமாரியின் உயரத்தையும் வாசல் நிலையின் உயரத்தையும் தனியாக எழுதிக்கொள்ளுங்கள். பழைய முதிரை மர அலுமாரிகள் பல, கழற்றினால்தான் புதிய வீட்டு வாசலுக்குள் நுழையும்.

படத்தில் இடம் கிடைக்காத பொருள் வீட்டோடு நிற்கட்டும். ஆனால் மகளிடம் கேட்டுவிட்டு. “அம்மா ஆசையாக வைத்திருந்தது” என்று நீங்கள் விட்டுப்போகும் சாமானை அவள் எறியவும் மாட்டாள், பாவிக்கவும் மாட்டாள். அவளுடைய வீட்டில் அது இடத்தைப் பிடித்துக்கொண்டு கிடக்கும். அவளுக்கு வேண்டாதவற்றை நீங்கள் இருக்கும்போதே வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுங்கள். உரலும் அம்மியும் அந்த வளவுக்கு உரியவை, அவற்றைத் தூக்க வேண்டாம். சாமியறைக் குத்துவிளக்கும் அங்கேயே எரியட்டும் என்பது என் எண்ணம். புதிய வீட்டுக்குப் பால் காய்ச்சும்போது புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளலாம்.

நாள் பார்க்கும்போது மழையையும் சேர்த்துப் பாருங்கள். எங்கள் பக்கத்தில் பெருமழை கார்த்திகை, மார்கழியில்தான் கொட்டும். ஆடியில் பலர் குடிபூர மாட்டார்கள். ஆவணி இரண்டுக்கும் பொருந்தும். வெயிலில் மெத்தை, தலையணை எல்லாம் நன்றாகக் காய்ந்து போகும்.

கடைகளில் பால்மாவும் சவர்க்காரமும் வந்த மட்டைப் பெட்டிகளைக் கேட்டு வாங்கலாம். சவர்க்காரப் பெட்டியில் அரிசி, மா, தூள் வகை எதையும் வைக்காதீர்கள், மணம் ஏறிவிடும். அதில் துணி வையுங்கள். புத்தகத்துக்குச் சிறிய பெட்டி. பெரியதில் நிறைத்தால் தூக்கும்போது அடி பிய்ந்துவிடும்.

பீங்கான் கட்டும்போது அவசரப்படக் கூடாது. பெட்டியின் அடியில் பழைய சேலையை நான்காக மடித்துப் போடுங்கள். ஒவ்வொரு தட்டையும் வெள்ளைத் தாளிலோ பழைய சாரத் துண்டிலோ சுற்றி, புத்தகம் அடுக்குவது போல நிமிர்த்தி வையுங்கள். படுக்க வைத்தால் மேலே உள்ள பாரம் முழுவதும் அடித்தட்டில் இறங்கும். அச்சடித்த பத்திரிகையில் நேரடியாகச் சுற்றினால் மை ஒட்டிக்கொள்ளும். இடைவெளிகளில் துணியைச் செருகிவிட்டுப் பெட்டியை மெதுவாக ஆட்டிப் பாருங்கள். சத்தம் கேட்டால் இன்னும் துணி வேண்டும். பெட்டியின்மேல் புதிய வீட்டு அறையின் பெயரைப் பெரிதாக எழுதுங்கள்: குசினி, முன் அறை, பின் விறாந்தை. இறக்கும் பையன்கள் உங்களைக் கேட்காமலே உரிய இடத்தில் வைப்பார்கள்.

காஸ் சிலிண்டரின் ரெகுலேட்டரைக் கழற்றி, மூடி போட்டு, நிமிர்த்தியே ஏற்றுங்கள். குளிர்சாதனப் பெட்டியும் அப்படியே. இறக்கியவுடன் மின்சாரம் கொடுக்காமல் சில மணி நேரம் விடுங்கள். காணி உறுதி, பிறப்புச் சாட்சிப் பத்திரம், வங்கிப் புத்தகம், நகை எதுவும் லொறியில் ஏறக் கூடாது. உங்கள் கைப்பையில் வரட்டும். 2013இல் புதிய கல்லடிப் பாலம் திறந்த பிறகு, பழைய ஒற்றை வழிப் பாலத்தில் காத்து நின்ற காலம் போய்விட்டது. இருந்தாலும் பள்ளிக்கூடம் தொடங்கும், விடும் நேரங்களைத் தவிர்த்து லொறியைப் பேசுங்கள்.

இனி அலங்காரம். இங்கே அதைத் தீர்மானிப்பது காற்றும் உப்பும் வெள்ளமும்தான். கச்சான் என்ற மேற்குக் காற்று வீசும் மாதங்களில் மேற்கு யன்னலால் அனல் வரும். அந்தப் பக்கத்துக்குத் தடித்த திரைச்சீலை வேண்டும். கடல் காற்று வரும் கிழக்கு யன்னலுக்கு மெல்லிய துணி போதும், அதன் முன்னால் உயர்ந்த சாமான் எதையும் வைத்து அடைத்துவிடாதீர்கள். மருதமுனைக் கைத்தறித் துணி திரைக்கு மிகவும் பொருந்தும். யன்னலின் அகலத்தைப்போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு வாங்குங்கள். நான்கு அடி யன்னலுக்கு ஆறு முதல் எட்டு அடி. தைப்பதற்கு முன்பு ஒரு முறை நனைத்துக் காயவிடுங்கள். சுருங்குவதும் சாயம் போவதும் அப்போதே தெரிந்துவிடும்.

வெள்ளம் ஏறும் தாழ்வான இடமானால் அலுமாரிகளைச் செங்கல்மேல் நிறுத்துங்கள். கீழ்த்தட்டில் புத்தகமோ சேலையோ வேண்டாம். பானை, சட்டி இருக்கட்டும். உறுதிகளைப் பொலித்தீன் உறையில் இட்டு மேல்தட்டில் வையுங்கள். 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு கடற்கரையோரத்தில் எத்தனையோ குடும்பங்கள் ஒவ்வொரு பத்திரத்துக்கும் அலைந்ததை நாங்கள் கண்ணால் பார்த்தவர்கள்.

கடைசியாகச் சுவர். குடும்பப் படங்களை உடனே மாட்டிவிட வேண்டும் என்றுதான் மனம் சொல்லும். முதல் மாரி கழியும்வரை பொறுங்கள். எந்தச் சுவர் ஈரம் இழுக்கிறது என்பதை மழைதான் காட்டும். அதுவரை படங்களைத் துணி சுற்றி அலுமாரிக்குள் வைத்திருங்கள். பிறகு காய்ந்திருக்கும் சுவராகப் பார்த்து, துருப்பிடிக்காத உருக்குத் திருகாணியால் மாட்டுங்கள். சாதாரண இரும்பு ஆணி கல்லடிக் காற்றில் விரைவில் துருவேறி, வெள்ளைச் சுவரில் செந்நிறக் கோடு இழுத்துவிடும்.