ஏழு நாள் கடலோரப் பயணம்: திட்டம் ஒருவழியாகப் படிந்தது

குடும்பத்தோடு ஒரு வாரம் கடலோர நகரத்தில் தங்கத் திட்டம். எழுதிய ஒவ்வொரு வரைவும் வாரத்தின் நடுவில் உடைந்தது. பிள்ளைகளுக்குப் பாறைக் குட்டைகளில் நண்டு பார்க்க வேண்டும். அம்மாவுக்கு மாலையில் ஈர மணலில் நடை. தினமும் காலை பாறை, மாலை நடை என்று போட்டால், "பிந்தின நாளெல்லாம் அந்த நேரத்துக்குப் பாறையே தெரியாதுங்க" என்றார் படகுக்காரர்.

இடங்களைத் தூரவாரியாக அடுக்கினேன். பயனில்லை. வானிலைக் கணிப்பை நம்பினால், அது நாளுக்கு நாள் மாறியது. விடுதியை மாற்றியதும் வீண்.

கைகொடுத்தது ஓத அட்டவணை, அதாவது கடல் ஏறி இறங்கும் நேரங்களின் பட்டியல். பல கரைகளில் ஒரு வற்றத்துக்கும் (கடல் மிகத் தாழ்ந்து நிற்கும் நேரம்) அடுத்ததற்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம். ஆகவே வற்றம் தினமும் ஏறத்தாழ 50 நிமிடம் பிந்தும். முதல் நாள் காலை 8 மணிக்கு என்றால், ஏழாம் நாள் பிற்பகல் 1 மணியளவில். அன்று காலை 7 மணிக்குக் கடல் ஏறி நிற்கும்! அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் கூடுதலாக உள்வாங்கும்; பாறைக்கு அந்த நாள்களே தோது.

வற்ற நேரங்களை முதலில் குறித்துவிட்டு மற்றதை நிரப்பினேன். பாறையும் மணல் நடையும் தொடக்க நாள்களுக்குப் போயின; அருங்காட்சியகம், சந்தை எல்லாம் பின்னால்.

அப்போதும் படகுக்காரர் சொன்ன வற்ற நேரம் பொருந்தவில்லை. அட்டவணையின் தலைப்பில் பொடி எழுத்தில் 'யுடிசி' (உலகப் பொது நேரம்) என்றிருந்தது. உள்ளூர் நேரத்துக்கு மாற்றியதும் சரியாகிவிட்டது.