பட்டாபிஷேகப் படத்தில் குடை பிடிப்பவர் யார்?

செட்டிநாட்டுப் பெரிய வீடுகளின் முகப்பிலும், வளவு எனப்படும் உள்முற்றப் பகுதியிலும் மாட்டியிருக்கும் பழைய தஞ்சாவூர் ஓவியங்களில் இராமர் பட்டாபிஷேகம் அடிக்கடி கண்ணில் படும். பலகையில் துணி ஒட்டி, சுண்ணப் பூச்சால் மேடாக்கி, தங்கத் தாளும் கண்ணாடிக் கற்களும் பதித்த இந்தப் படங்களில் முகங்கள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். ஆகவே முகத்தை வைத்து ஆளைத் தேடாமல், யார் எந்த நிறத்தில், கையில் எதை ஏந்தி நிற்கிறார் என்று பாருங்கள். வளவில் வெளிச்சம் இறங்கும் பகல் வேளையில், சற்றே பக்கவாட்டில் நின்று பார்ப்பது நல்லது. விளக்கை நேராகப் பிடித்தால் தங்கம்தான் தெரியும்.

நடுவில் மற்றவர்களைவிடப் பெரிதாக அமர்ந்திருப்பவன் இராமன். அவனுக்கு இடப்புறம், அதாவது நமக்கு வலப்புறம், சீதை. அடுத்து தம்பியர். இராமனைப் பச்சையாகவோ நீலமாகவோ தீட்டியிருந்தால், அதே நிறத்தில் நிற்பவன் பெரும்பாலும் பரதன். பொன்னிறத்தார் இருவரும் இலக்குவனும் சத்துருக்கனனும். கம்பரின் குகன், பரதன் தன் நாயகனை ஒத்திருப்பதையும், அருகில் நிற்கும் சத்துருக்கனன் இலக்குவனை ஒத்திருப்பதையும் கண்டு திகைக்கும் இடம் நினைவிருந்தால் இது எளிதில் பிடிபடும். 1939இல் சா. கணேசன் தொடங்கிய கம்பன் கழகம் உள்ள காரைக்குடி வட்டாரத்தில் இதை எடுத்துச் சொல்லப் பெரியவர் ஒருவராவது இருப்பார்.

இனி குடைக்கு வாருங்கள். ஓவியர் எந்த நூலைப் பின்பற்றினார் என்பதற்கு அதுவே சிறந்த தடயம். கம்பரின் முடிசூட்டுப் பாடலில் பரதன் வெண்குடை கவிக்கிறான், மற்றத் தம்பியர் இருவரும் கவரி வீசுகிறார்கள், அங்கதன் உடைவாள் ஏந்துகிறான், வசிட்டர் மகுடம் சூட்டுகிறார். வான்மீகியிலோ குடை சத்துருக்கனன் கையில். கவரி வீசுவோர் சுக்கிரீவனும் வீடணனும். எனவே பச்சை மேனியன் குடை பிடித்தால் கம்பரையும், பொன்மேனியன் குடை பிடிக்க, மகுடம் தரித்த வானரன் கவரி வீசினால் வான்மீகியையும் எண்ணலாம். இரண்டும் கலந்திருந்தால் அதைப் பிழை என்று தள்ள வேண்டாம். இலக்குவனைப் பின்னாலும் மற்ற இருவரை இரு பக்கத்திலும் நிறுத்தும் தியான சுலோகமும் ஓவியர்களுக்குப் பழக்கமானதுதான்.

கரடி முகம் சாம்பவான். தாடியும் சடையுமாக நிற்பவர் வசிட்டர். அரியணையை அனுமன் தாங்குவதாகக் கம்பர் பாடினாலும், ஓவியர்கள் பெரும்பாலும் அவனைத் திருவடியருகேதான் அமர்த்துகிறார்கள். மகுடத்தை எடுத்துக் கொடுத்ததாகக் கம்பர் நன்றியோடு பாடும், தன்னை ஆதரித்த சடையப்ப வள்ளலின் முன்னோரைப் படத்தில் தேட வேண்டியதில்லை.

பிற்காலத்தில் மேல்வண்ணம் பூசப்பட்ட படமானால் நிறத்தை நம்பாமல், கைப்பொருளையும் மகுடத்தையும் மட்டும் கொண்டு ஆளைத் தீர்மானியுங்கள்.