சிசியைப் பார்த்து ஏமாறாதீர்கள்: தோப்புக்கு நடுத்தர செயின் சா வாங்குவது எப்படி

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறிப் போனபோது, பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பக்கமெல்லாம் தென்னந்தோப்புகள் பாய் விரித்த மாதிரி படுத்துவிட்டன. அந்த ஒரு மாதம் எங்கள் ஊரில் மரம் அறுக்கும் மெஷின் வைத்திருந்தவர்தான் ராஜா. வாடகைக்குக் கேட்டால் "வாரம் கழிச்சு வர்றேன்" என்பார்கள், வாரம் கழித்துக் கேட்டால் போனையே எடுக்க மாட்டார்கள். அந்த அவசரத்தில் நானும் ஒன்று வாங்கினேன். 58 சிசி (என்ஜின் சிலிண்டரின் கொள்ளளவு), 22 இன்ச் பார் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு), விலை பத்தாயிரத்துக்குள். கடைக்காரர் "ஆலமரத்தையே அறுக்கும்ணே" என்றார். முப்பது மரம்கூட முழுசாக அறுக்கவில்லை, பிஸ்டன் கீறிக்கொண்டு நின்றுவிட்டது. கம்பெனி பெயர் வேண்டாம், தப்பு பாதி என் மேலும் இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

பிரித்துப் பார்த்த மெக்கானிக்தான் முதல் பாடம் எடுத்தார். வெர்னியர் வைத்து சிலிண்டர் விட்டத்தை அளந்தார், 45 மி.மீ. ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், 32 மி.மீ. "கணக்கு போட்டுப் பாருங்க" என்றார். கணக்கு ரொம்பச் சுலபம்: விட்டத்தையும் ஸ்ட்ரோக்கையும் செ.மீ.யில் எடுத்து, விட்டத்தை அதனாலேயே பெருக்கி, ஸ்ட்ரோக்கால் பெருக்கி, கடைசியில் 0.785 ஆல் பெருக்க வேண்டும். 51 சிசிக்குள் வந்தது. மேலே ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் 58. இதே கணக்கை ஸ்டில் (Stihl) கம்பெனியின் எம்.எஸ். 261 என்ற மாடலுக்குப் போடுங்கள்: விட்டம் 44.7, ஸ்ட்ரோக் 32, விடை 50.2. கேட்டலாக்கிலும் அதே 50.2தான் இருக்கும். ஆக, நான் 58 என்று நினைத்து வாங்கியதும் இதுவும் ஏறக்குறைய ஒரே அளவு என்ஜின். ஆனால் வேலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

அதனால் சிசியை மறந்துவிடுங்கள். நடுத்தரம் என்றால் 45 முதல் 60 சிசி வரை, அதற்கு மட்டும்தான் அந்த எண். அதற்குமேல் பார்க்க வேண்டியது இரண்டே எண்: எத்தனை கிலோவாட் சக்தி, எத்தனை கிலோ எடை. முதலாவதை இரண்டாவதால் வகுத்துப் பாருங்கள். (எச்.பி.யில் போட்டிருந்தால் 1 கிலோவாட் சுமார் 1.36 எச்.பி. என்று வைத்துக்கொண்டு மாற்றிக்கொள்ளலாம்.)

எனக்குத் தெரிந்த சிலதை வகுத்துச் சொல்கிறேன், எடையெல்லாம் பார், செயின், பெட்ரோல் இல்லாத வெற்று மெஷின் எடை. ஸ்டில் எம்.எஸ். 250 என்பது 45.4 சிசி, 2.3 கிலோவாட், 4.6 கிலோ, வகுத்தால் 0.5. அதே கம்பெனியின் எம்.எஸ். 271 சிசியில் பெரியது, 50.2, சக்தியும் 2.6 கிலோவாட், ஆனால் எடை 5.6 கிலோ, வகுத்தால் 0.46தான் வருகிறது, அதாவது பெரிய மெஷின் வாங்கி கிலோவுக்குக் குறைவான சக்தியைத் தூக்கிக்கொண்டு அலைகிறீர்கள். எம்.எஸ். 261 அதே 50.2 சிசி, ஆனால் 3 கிலோவாட், 4.9 கிலோ. 0.61. ஹஸ்க்வர்னா கம்பெனியில் 550 எக்ஸ்.பி. மார்க் 2 எடுத்தால் 50.1 சிசி, 3 கிலோவாட், 5.3 கிலோ, 0.57 பக்கம். அவர்களுடைய 455 ராஞ்சர் 55.5 சிசி, 2.6 கிலோவாட், கிட்டத்தட்ட 6 கிலோ, 0.45க்குக் கீழேதான் வரும். பார்த்தீர்களா, 55 சிசி மெஷின் 50 சிசி மெஷினிடம் தோற்கிறது. காரணம் பெரிய ரகசியம் இல்லை. 261, 550 எல்லாம் தினமும் காட்டில் மரம் வெட்டிப் பிழைப்பவனுக்காகச் செய்தது, மெக்னீசியம் உடம்பு, கார்புரேட்டர் ட்யூனிங்கைத் தானே பார்த்துக்கொள்ளும் எலெக்ட்ரானிக்ஸ் (261ல் சி-எம் வகைக்கு), விலையும் அதற்கேற்ற மாதிரி. 250, 271, 455 எல்லாம் பண்ணை வீட்டுக்காரனுக்காகச் செய்தது. ஒரே கம்பெனி, ஒரே நிறம் என்பதால் கடையில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், கடைக்காரரும் "சிசி ஜாஸ்தி" என்று 271ஐத்தான் தள்ளப் பார்ப்பார்.

அரை கிலோவில் என்ன இருக்கிறது என்று கேட்பவர் ஒரு நாள் முழுக்க மரம் அறுத்திருக்க மாட்டார். கேட்டலாக் எடை ஒன்று, கையில் வரும் எடை இன்னொன்று. 18 இன்ச் பாரும் செயினும் மட்டும் ஒரு கிலோவுக்கு மேல். அரை லிட்டர் பெட்ரோல் 370 கிராம். செயின் ஆயில் கால் லிட்டர். 4.9 கிலோ மெஷின் வேலை செய்யும்போது ஆறரை கிலோவைத் தாண்டிவிடும். அதைக் குனிந்தபடி, கை நீட்டி, காலை ஏழு மணிக்குப் பிடிப்பதற்கும் பதினொரு மணிக்குப் பிடிப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. களைத்த கைதான் காலை அறுத்துக்கொள்ளும். நான் கடைக்குப் போகும்போது மீன் நிறுக்கிற மாதிரியான ஒரு தொங்குதராசைப் பையில் போட்டுக்கொண்டு போனேன், பாரோடு சேர்த்துத் தூக்கிப் பார்த்தேன். கடைப்பையன் சிரித்தான், சிரிக்கட்டும்.

எடையோடு சேர்த்துக் கேட்க வேண்டிய இன்னொன்று அதிர்வு. எம்.எஸ். 261க்கு இரண்டு கைப்பிடியிலும் 3.5 மீ/செ² என்று போட்டிருப்பார்கள், எம்.எஸ். 250க்கு 6, 7 பக்கம் வரும். எண் குறைய, ராத்திரி சோறு பிசையும்போது விரல் மரத்துப்போவது குறையும். மலிவு மெஷின்களில் இந்த எண்ணே அட்டையில் இருக்காது.

அடுத்தது பார் நீளம். இதில்தான் நம் ஆட்கள் மொத்தமாகக் கவிழ்கிறார்கள். நீளமான பார் என்றால் கெத்து என்று ஒரு நினைப்பு. உங்கள் தோப்பில் ஒரு தென்னையின் குறுக்களவை டேப் வைத்து அளந்து பாருங்கள், பெரும்பாலும் ஒரு அடிக்குப் பக்கம்தான் இருக்கும். 16 இன்ச் பார் தாராளம். மா, பலா, புளி இருந்தால் 18 வைத்துக்கொள்ளலாம், இரண்டு பக்கமிருந்தும் அறுத்தால் அதைவிடப் பருமனான மரமும் தீர்ந்துவிடும். 50 சிசி என்ஜினில் 22 இன்ச் பார் மாட்டுவது ஒற்றை மாட்டில் இரட்டைமாட்டு வண்டியைப் பூட்டுவது மாதிரி. நீளம் கூடக்கூட இழுக்க வேண்டிய செயினும் கூடும், ஆயில் நுனிவரை போய்ச் சேராது, தீட்ட வேண்டிய பல்லும் அதிகம். மலிவு மெஷினின் 22 இன்ச் செயினில் 86 கண்ணி, 18 இன்ச்சுக்கு 72. (புது செயின் வாங்கும்போது இன்ச் சொல்லி வாங்காதீர்கள், பாரின் காடிக்குள் ஓடும் அந்தக் கண்ணிகளை எண்ணிக்கொண்டு போங்கள். ஒரே 18 இன்ச்சுக்கு 72ம் உண்டு 74ம் உண்டு, பிட்ச்சும் (கண்ணிகளுக்கு இடையே உள்ள தூரம்) தடிமனும்கூட கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பழைய செயினைக் கையோடு கொண்டுபோவது இன்னும் உத்தமம்.)

இப்போது கடையிலோ தோப்பிலோ இரண்டு மெஷினை ஒப்பிட்டுப் பார்க்கிறீர்கள் என்றால் நியாயமாகச் செய்யுங்கள். ஒன்றில் புது செயின், இன்னொன்றில் மொட்டை செயின் போட்டு ஓட்டினால் அது மெஷின் போட்டி இல்லை, அரம் போட்டி. ஒரே மரம், ஒரே பருமன், ஒரே நீள பார், இரண்டிலும் கூர்மையான செயின். மெஷினுக்கு நான்கு துண்டு அறுங்கள், முதல் துண்டைக் கணக்கில் விடுங்கள், என்ஜின் சூடேறியிருக்காது. மீதி மூன்றுக்கும் செல்போனில் நேரம் பாருங்கள். அழுத்தாதீர்கள், மெஷின் தன் எடையிலேயே இறங்கட்டும். அறுத்தபின் கீழே கிடப்பதைக் கையில் அள்ளிப் பாருங்கள்: கூரான செயின் தடிச்ச சில்லு சில்லாகத் தள்ளும், மழுங்கியது மாவு மாதிரி தூளைத் தள்ளும்.

தென்னை விஷயத்தில் ஒன்று. பார்க்க மெத்தென்று தெரிந்தாலும் தண்டின் வெளிவட்டம் இரும்பு மாதிரி, உள்ளேதான் சோறு. நாரும் அதிகம், நீளவாட்டில் அறுத்தால் ஸ்ப்ராக்கெட் (செயினை ஓட்டும் பல்சக்கரம்) மூடிக்குள் நார் போய் அடைத்துக்கொள்ளும், அடிக்கடி கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். புயலில் விழுந்த மரத்தில் மணல் வேறு ஒட்டியிருக்கும், பத்து மரத்துக்குள் செயின் மொட்டையாகிவிடும். பனை இதைவிட மோசம், நல்ல செயினையும் தின்றுவிடும். அது சரி, பனையை வெட்ட கலெக்டர் அனுமதி வேண்டும், மெஷின் இருக்கிறதே என்று இறங்கிவிடாதீர்கள். சீமைக் கருவேலத்துக்கு வெட்டுவதைவிட முள்ளுக்குள் நுழைவதுதான் பாடு, அங்கே 4.6 கிலோ மெஷின் எந்த 60 சிசியையும் ஜெயிக்கும்.

மலிவு மெஷினைத் திட்டிக்கொண்டே போகவும் மனம் வரவில்லை. அதில் ஒரு நல்லது இருக்கிறது. அந்த டிசைனில் எத்தனையோ பெயரில் மெஷின் வருகிறது, எல்லாம் அண்ணன் தம்பி மாதிரி, அதனால் கார்புரேட்டர், கிளட்ச், ஸ்டார்டர், ஏன் சிலிண்டர் செட்டே குறைந்த விலைக்கு எங்கும் கிடைக்கும், லோக்கல் மெக்கானிக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் பிரித்து மாட்டுவார். பெரிய கம்பெனி மெஷின் அதைப்போல மூன்று நான்கு மடங்கு விலை, ஒரு சின்ன ரப்பர் குழாய்க்கு டீலரிடம்தான் போக வேண்டும். டீலர் உங்கள் ஊரிலிருந்து எழுபது கிலோமீட்டர் தள்ளி இருந்தால் அந்த அருமையான மெஷின் தேங்காய்க் கொட்டகையில் தூங்கும். ஆகவே வருஷத்துக்கு இரண்டு மூன்று நாள் காய்ந்த மட்டை, பட்ட மரம் அறுப்பவருக்கு மலிவு மெஷினே போதும், செயினை மட்டும் நல்லதாகப் போட்டுக்கொள்ளுங்கள். மாதம் நாலைந்து நாள் வேலை இருந்தால் 250 மாதிரி ஒன்று. கூலிக்கு அறுப்பவர் 261, 550 ரகத்துக்குப் போய்விடுவது நல்லது, போட்ட காசு கையும் முதுகும் மிச்சமாவதில் திரும்பிவிடும். நடுவில் நிற்கும் 271, 455 ரகம் யாருக்கு என்றுதான் எனக்குப் பிடிபடவில்லை. உட்கார்ந்த இடத்தில் விறகுத் துண்டு போடுபவருக்கு ஆகலாம்.

என் தப்பைச் சொல்கிறேன் என்றேன் அல்லவா. பெட்ரோலில் கலக்கும் ஆயில். பெரிய கம்பெனி மெஷின்களுக்கு அவர்கள் ஆயிலோடு 50க்கு 1, அதாவது லிட்டருக்கு 20 மில்லி. என் மலிவு மெஷினின் புத்தகத்தில் 25க்கு 1, லிட்டருக்கு 40 மில்லி என்று இருந்தது. நான் யாரோ சொன்னதைக் கேட்டு 20 ஊற்றினேன், அதுவும் பாட்டில் மூடியால் உத்தேசமாக. புயல் நேரத்தில் புத்தகத்தை யார் படித்தார்கள்? அளவுக் குப்பி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். இன்னொன்று, இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அது ஈரத்தை இழுக்கும், கார்புரேட்டருக்குள் இருக்கும் மெல்லிய டயஃப்ரம் சவ்வையும் குழாயையும் கெடுக்கும். மாதக்கணக்கில் வைக்கப்போகிறீர்கள் என்றால் டேங்கைக் கவிழ்த்துக் காலி செய்து, தானாக அணையும்வரை ஓடவிட்டு வையுங்கள். அப்புறம் செயின் ஆயிலுக்குப் பதில் டிராக்டரில் வடித்த கருப்பு ஆயில் ஊற்றுவது, எல்லோரும் செய்கிறார்கள், பாரும் பம்பும் தேய்கிற செலவை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

புது மெஷினைக் கடையிலிருந்து எடுக்குமுன் மூன்று விஷயம் பார்த்துவிடுங்கள். ஐடிலில், அதாவது ஆக்சிலேட்டரைத் தொடாமல் என்ஜின் சும்மா ஓடும்போது, செயின் அசையக் கூடாது. முன்னால் இருக்கும் கைக்காப்பைத் தள்ளினால் செயின் அந்தக் கணமே நிற்க வேண்டும், பார் நுனியின் மேல்பாதி மரத்தில் பட்டு மெஷின் முகத்தை நோக்கி எகிறும்போது உங்களைக் காப்பாற்றுவது அதுதான். பார் நுனியை ஒரு வெள்ளைக் காகிதத்துக்கு மேலே பிடித்து ஆக்சிலேட்டரை அழுத்தினால் ஆயில் கோடாகத் தெறிக்க வேண்டும். கைலியும் ஹவாய் செருப்புமாக மெஷினை எடுக்காதீர்கள் என்று சொன்னால் கேட்கவா போகிறீர்கள், ஷூவாவது போடுங்கள். வேரோடு சாய்ந்த மரமானால் துண்டு போட்டதும் அடிக்கட்டை சடாரென்று நிமிர்ந்து குழிக்குள் உட்காரும், அந்தக் குழிப் பக்கம் ஆடு மாடு பிள்ளைகள் யாரும் நிற்கக் கூடாது.

பழைய மெஷின் வாங்குவதும் தப்பில்லை, நான் இப்போது வைத்திருக்கும் 250 அப்படி வந்ததுதான். விற்பவரிடம் ஸ்டார்ட் செய்யாமலே வைத்திருக்கச் சொல்லுங்கள், சூடான மெஷின் எதுவும் ஸ்டார்ட் ஆகும். சைலன்சரை இரண்டு போல்ட் கழற்றி உள்ளே டார்ச் அடித்தால் பிஸ்டனில் கோடு கோடாகக் கீறல் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். அதற்கும் விடமாட்டார் என்றால், மெஷினை அணைத்த நிலையில் ஸ்டார்டர் கயிற்றின் கைப்பிடியை மட்டும் பிடித்துத் தொங்கவிடுங்கள். கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் காற்று அழுந்தும் பிடிப்பு) நன்றாக இருந்தால் மெஷின் விக்கி விக்கி மெதுவாக இறங்கும். சரசரவென்று இறங்கிவிட்டால் கயிற்றைச் சுருட்டிக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுங்கள்.