பழைய காரின் ரேடியேட்டரை வீட்டிலேயே கழற்றுவது எப்படி

ரேடியேட்டரைக் கழற்றுவது, முதல்முறையாக ஸ்பேனர் பிடிப்பவருக்கும் முடிகிற வேலைதான். இரண்டு பெரிய ஹோஸ், அவற்றின் கிளிப்புகள், ஃபேன், நாலைந்து போல்ட். ஆனால் பழைய காரில் ரப்பர் இறுகி ஒட்டிக்கொண்டிருக்கும், போல்ட் துருப்பிடித்திருக்கும். ஒழுகுகிற ரேடியேட்டரைக் கழற்றப் போய், நன்றாக இருந்த பாகத்தை உடைத்துவிடுவதுதான் இதில் அடிக்கடி நடக்கும் விபத்து. அதனால் எந்த இடத்தில் அவசரப்படக் கூடாது என்பதையே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முந்தின நாள் மாலை

காரைச் சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, இரவு முழுக்க ஆறவிடுங்கள். ரேடியேட்டர் மூடி உள்ளே சுமார் 1 பார் அழுத்தத்தைப் பிடித்து வைக்கிறது. அதனால்தான் உள்ளே இருக்கும் நீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால் அழுத்தம் போய், அந்த நொடியே நீர் கொதித்து முகத்தில் அடிக்கும். திறக்கும் முன் மேல் ஹோஸைக் கையால் அழுத்திப் பாருங்கள். ஜில்லென்று, தளர்வாக இருந்தால் சரி. விறைப்பாக இருந்தால் மூடியைத் தொட வேண்டாம்.

அன்று மாலையே ரேடியேட்டர் போல்ட்களின் மேல் துரு இளக்கும் எண்ணெயையும் விட்டு வையுங்கள். இரவு முழுக்க அது ஊறிக் கீழே இறங்கட்டும்.

காலையில்

முதலில் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். சில கார்களில் சாவியை எடுத்த பிறகும் எலக்ட்ரிக் ஃபேன் தானாகச் சுழலத் தொடங்கும். உங்கள் விரல் அந்த இறக்கைகளுக்கு நடுவேதான் இருக்கப் போகிறது.

அப்புறம் கூலன்ட்டை, அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் நீர்க் கலவையை, இறக்க வேண்டும். அகலமான தட்டு ஒன்றைக் கீழே வையுங்கள். சின்ன காரிலேயே 4, 5 லிட்டர் வரும். ரேடியேட்டரின் அடியில், ஓரமாக, சின்னத் திருகு குழாய் இருக்கும். மூடியைத் திறக்காமலே அதைக் கையால் மெல்லத் திருகினால் நூல் போல ஒழுகும். தட்டு சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, பிறகு மேல் மூடியைத் திறந்தால் வேகம் பிடிக்கும். திருகு பிளாஸ்டிக்காக இருந்து அசைய மறுத்தால் கொறடு போட்டு முறிக்காதீர்கள். கீழ் ஹோஸைக் கழற்றினாலே எல்லாம் வந்துவிடும், கொஞ்சம் அதிகமாகச் சிந்தும், அவ்வளவுதான். காருக்கு அடியில் போக வேண்டியிருந்தால் ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு வைத்த பிறகே போங்கள்.

கூலன்ட்டில் பெரும்பாலும் இருப்பது எத்திலீன் கிளைகால். இனிப்பாக இருக்கும், ஆனால் விஷம். நாயோ பூனையோ நக்கினால் சிறுநீரகம் கெட்டுச் செத்துப்போகும். சிந்தியதை உடனே துடைத்து, வடித்ததை மூடி போட்ட கேனில் ஊற்றிக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். சாக்கடையில் ஊற்றக் கூடாது. பழைய ஆயில், கூலன்ட் சேகரிக்கும் இடத்தில் கொடுத்துவிடலாம்.

ஹோஸ்: பொறுமை வேண்டிய இடம்

கிளிப்பை முழுக்கத் தளர்த்தி, ஹோஸின் மேலேயே சற்றுப் பின்னுக்குத் தள்ளுங்கள். ஸ்பிரிங் கிளிப் என்றால் அதன் இரண்டு காதுகளையும் கொறடால் அழுத்திப் பிடித்துக்கொண்டே நகர்த்த வேண்டும். இனி ஹோஸை இழுக்காதீர்கள், முறுக்குங்கள். ரேடியேட்டரின் கழுத்தில், அதாவது ஹோஸ் மாட்டியிருக்கும் குழாய் வாயில், இறுகியிருக்கும் ரப்பர் சுற்றி ஒரு மயிரிழை திரும்பினாலும் போதும், பிடி விட்டுவிட்டது என்று அர்த்தம். அதன் பிறகு இப்படியும் அப்படியும் முறுக்கிக்கொண்டே இழுத்தால் வந்துவிடும்.

திரும்பவே இல்லை என்றால்? பெரிய ஸ்க்ரூடிரைவரைச் செருகி நெம்பத் தோன்றும். நான் முதல்முறை அதைத்தான் செய்தேன். பித்தளைக் கழுத்து வட்டம் கெட்டு நெளிந்துபோனது. பிறகு எந்தக் கிளிப்பைப் போட்டு இறுக்கியும் சொட்டு நிற்கவில்லை. பழைய பித்தளை ரேடியேட்டரில் கழுத்து ஈயப் பற்று வைத்து ஒட்டப்பட்டது, நெம்பினால் பற்று விடும். பிளாஸ்டிக் டேங்க் என்றால் கழுத்து விண்டுபோகும். அதனால் ஹோஸைப் பலிகொடுங்கள். கழுத்தை மூடியிருக்கும் பகுதியில் நீளவாக்கில் கத்தியால் மேலாகக் கீறி, கத்தி முனை கழுத்தில் படாமல், பிளந்து உரித்தெடுங்கள். ஹோஸின் விலை ரேடியேட்டர் விலையில் சிறு பங்குதான், பல வருடம் ஓடிய ஹோஸை எப்படியும் மாற்றுவது நல்லது.

ஆட்டோமேட்டிக் கியர் உள்ள காரில் ரேடியேட்டருக்கு இரண்டு மெல்லிய உலோகக் குழாய்களும் வரும். கியர் ஆயிலைக் குளிர்விக்க அவை. இங்கே கட்டாயம் இரண்டு ஸ்பேனர் வேண்டும்: ஒன்று ரேடியேட்டர் பக்கத்து நட்டை அசையாமல் பிடிக்க, இன்னொன்று குழாயின் நட்டைத் திருப்ப. ஒரே ஸ்பேனரால் திருப்பினால் குழாய் முறுக்கிக்கொள்ளும், அல்லது டேங்க்கின் இணைப்பு பிய்ந்துவிடும். கழற்றியதும் குழாய் முனைகளைச் சுத்தமான பிளாஸ்டிக்கால் கட்டிவிடுங்கள். ஒரு துளி தூசிகூடக் கியர் பாக்ஸுக்குள் போகக் கூடாது.

ஃபேன், போல்ட்

எலக்ட்ரிக் ஃபேன் என்றால் ஒயர் இணைப்பைப் பிரித்துவிட்டு ஃபேனை அதன் சட்டத்தோடு எடுத்துவிடலாம். இன்ஜினோடு சேர்ந்து சுற்றும் ஃபேன் என்றால் அதைச் சுற்றியிருக்கும் கூட்டின் போல்ட்களை மட்டும் கழற்றி, கூட்டை இன்ஜின் பக்கம் தள்ளி வையுங்கள். இந்த இடத்தில் ஓர் அட்டையை இறக்கைக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே செருகிவிடுங்கள். ரேடியேட்டரின் தகடுகள் நகம் பட்டாலே மடங்கக்கூடியவை.

கழற்றும் ஒவ்வொரு போல்ட்டையும் எந்த இடத்தில் இருந்தது என்று எழுதித் தனித்தனியாக வையுங்கள். எல்லாம் ஒரே நீளமாகத் தெரியும், ஆனால் இருக்காது. கூட்டின் போல்ட் இடத்தில் நீளமானது ஒன்று போனால் அது ரேடியேட்டரையே குத்தி ஓட்டை போட்டுவிடும்.

ஏசி இருந்தால் ரேடியேட்டருக்கு முன்னால், ஏசி வாயுவைக் குளிர்விக்கும் கண்டன்சர் இருக்கும். அதன் குழாய்களைக் கழற்றாதீர்கள், உள்ளே அழுத்தத்தில் வாயு இருக்கிறது. ரேடியேட்டரோடு போல்ட் போட்டு இணைத்திருந்தால் அந்த போல்ட்டை மட்டும் எடுத்து, கண்டன்சரை முன் சட்டத்தில் கயிற்றால் கட்டித் தொங்கவிடுங்கள்.

வெளியே எடுப்பது

ரேடியேட்டரை மேலே பிடித்திருக்கும் பட்டைகளைக் கழற்றியதும் இரண்டு பக்கமும் பிடித்து நேராக மேலே தூக்குங்கள். எங்காவது தட்டினால் பலத்தைக் கூட்டாமல் நின்று பாருங்கள். மூடிக்கு அருகிலிருந்து போகும் சின்னக் குழாயோ, வெப்பநிலை ஸ்விட்ச்சின் ஒயரோ விட்டுப்போயிருக்கும். அடியில் உட்கார்ந்திருந்த இரண்டு ரப்பர்களும் சட்டத்திலேயே இருக்கின்றனவா, ரேடியேட்டரோடு ஒட்டி வந்துவிட்டனவா என்று கவனியுங்கள். உள்ளே இன்னும் கொஞ்சம் கூலன்ட் இருக்கும், சாய்க்காமல் கொண்டுபோய்த் தட்டில் கவிழ்த்துங்கள்.

இன்ஜின் பக்கத்து ஹோஸ் வாய்களைப் பளிச்சென்ற நிறத் துணியால் அடைத்து, எத்தனை துணி என்று எழுதி வையுங்கள். ரேடியேட்டரை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தால் ஓரிடத்தில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கும். ஒழுகுவது பெரும்பாலும் அங்கேதான். பழுது பார்க்கக் கொடுப்பதாக இருந்தால், கழுவும் முன் அந்த இடத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிடுங்கள்.