செனட் பேச்சு கிளிப் மட்டும் பாத்து முடிவு பண்ணாதீங்க: அமெரிக்க கன்சர்வேட்டிவ் பேச்சுகள புரிஞ்சுக்குறதுல அடிக்கடி நடக்குற தவறுகள்

அமெரிக்க நாடாளுமன்றத்தோட மேல்சபையான செனட்ல, கன்சர்வேட்டிவ் (பழமைவாத) கட்சியான ரிபப்ளிகன் கட்சி செனட்டர் ஒருத்தர் எந்திரிச்சு அரசாங்க செலவு, வரி, பெட்ரோல் விலைன்னு காரசாரமா பேசுற ரெண்டு நிமிஷ வீடியோ ஒண்ணு வந்தா போதும், நம்ம ஆளுங்க உடனே ரெண்டா பிரிஞ்சுடுறாங்க, ஒருத்தர் தலைல தூக்கி வச்சு ஆடுறாரு, இன்னொருத்தர் கார்ப்பரேட் ஆளுன்னு முத்திரை குத்துறாரு. அன்னைக்கு சபையில எது ஓட்டுக்கு வந்துச்சுன்னு ரெண்டு பேருமே பாக்குறதில்ல. எனக்கு ரொம்ப ஆதங்கமா இருக்குறது இதுதான். ஏன்னா அங்க பேச்சுங்குறது பெரும்பாலும் ஏதோ ஒரு மசோதாவோட, திருத்தத்தோட, ஓட்டோட ஒட்டிக்கிட்டு வர்ற விஷயம், அத பிச்சு தனியா எடுத்துட்டா பாதி அர்த்தம் போயிடும்.

உதாரணத்துக்கு டாம் கோபர்ன எடுத்துக்குறேன். ஓக்லஹோமா மாநிலம், பிரசவம் பாக்குற டாக்டர், ரிபப்ளிகன், 1995லருந்து 2001 வரைக்கும் கீழ்சபையான ஹவுஸ்ல இருந்தாரு, மூணு டெர்ம்தான்னு சொல்லிட்டு போனவரு சொன்னபடியே விலகினாரு, அப்புறம் 2005லருந்து 2015 ஆரம்பம் வரைக்கும் செனட்ல. 2020ல இறந்துட்டாரு. அவரோட எல்லா கருத்தும் எனக்கு ஒத்து வராது, ஆனா செலவு, வரி, எனர்ஜி மூணுலயும் ஒரே அளவுகோல வச்சுப் பேசின ஆளு, அதனாலயே அவர் பேச்ச தப்பா புரிஞ்சுக்குறதும் ரொம்ப சுலபம்.

முதல் தவறு, கட்சிய வச்சே ஓட்ட கணிக்குறது. 2005 அக்டோபர்ல கோபர்ன் ஒரு திருத்தம் கொண்டு வந்தாரு. அலாஸ்காவுல கெச்சிக்கன் ஊருலருந்து கிராவினா தீவுக்கு ஒரு பாலம், அந்த தீவுல குடியிருக்குறது சுமார் 50 பேரு, அந்த பாலத்துக்கு ஒதுக்கின பணத்த கட்ரீனா புயல்ல சேதமான லூசியானா பாலத்துக்கு குடுங்கன்னு கேட்டாரு. அப்ப செனட்ல ரிபப்ளிகன் கட்சிதான் மெஜாரிட்டி. அலாஸ்காவோட மூத்த செனட்டர் டெட் ஸ்டீவன்ஸ், அவரும் அதே கட்சிதான், இது பாஸ் ஆனா நான் ராஜினாமா பண்ணிடுவேன்னு சபையிலயே மிரட்டினாரு. ஓட்டு 15க்கு 82, படுதோல்வி. சிக்கனம் பேசுற கட்சியோட ஆளுங்களே பெரும்பாலும் எதிரா போட்டாங்க, ஏன்னா எல்லார் மாநிலத்துலயும் அந்த மாதிரி ஒரு பாலமோ ரோடோ இருந்துச்சு.

இதுல இன்னும் ரெண்டு விஷயம் விட்டுப்போகும். கெச்சிக்கனோட ஏர்போர்ட் அந்த தீவுலதான் இருக்கு, ஜனங்க ஃபெர்ரில போய்த்தான் பிளைட் ஏறணும், "எங்கேயும் போகாத பாலம்"னு பேர் வச்சவங்க இத சொல்லவே மாட்டாங்க. ரெண்டாவது, அடுத்த மாசமே காங்கிரஸ் (செனட்டும் ஹவுஸும் சேந்த நாடாளுமன்றம்) அந்த பாலத்துக்குன்னு இருந்த தனி ஒதுக்கீட்ட எடுத்துடுச்சு, ஆனா பணம் அலாஸ்காவுக்கே போச்சு, மாநிலம் இஷ்டப்படி செலவு பண்ணிக்கலாம்னு. ஒதுக்கீடு ரத்துன்னா காசு மிச்சம்னு நினைக்காதீங்க.

அடுத்தது அளவு தெரியாம கோபப்படுறது, நம்ம பக்கம் ரொம்ப அதிகமா நடக்குறது இதுதான். 1 பில்லியன்னா 100 கோடி, 1 டிரில்லியன்னா 1 லட்சம் கோடி, இத முதல்ல மனசுல ஏத்திக்கணும், ஏன்னா தமிழ் சேனல்கள்ல மில்லியனும் பில்லியனும் மாறிப் போறது சர்வசாதாரணமா இருக்கு. கோபர்ன் வருஷா வருஷம் "வேஸ்ட்புக்"னு வீண் செலவு பட்டியல் ஒண்ணு போட்டாரு, 2014 பட்டியல்ல 100 ஐட்டம், மொத்தம் சுமார் 25 பில்லியன் டாலர். பெரிய காசுதான். ஆனா அந்த வருஷம் ஃபெடரல் (மத்திய) அரசாங்கத்தோட செலவு சுமார் 3.5 டிரில்லியன், அதாவது இந்த 25 பில்லியன் நூத்துல ஒரு பங்கு கூட கிடையாது. பெரும்பகுதி போறது சோஷியல் செக்யூரிட்டி (ஓய்வூதியம்), மெடிகேர் (முதியோர் மருத்துவக் காப்பீடு), மெடிகெய்ட் (ஏழைகளுக்கான மருத்துவ உதவி), ராணுவம், வட்டி இதுக்குத்தான், அதுலயும் ராணுவம் தவிர மத்ததெல்லாம் வருஷாவருஷம் பட்ஜெட்டுக்கு ஓட்டு போட்டு ஒதுக்குற செலவே இல்ல, சட்டப்படி தானா போயிட்டே இருக்கும். கோபர்னுக்கு இது நல்லாவே தெரியும், அதனாலதான் 2011ல அவர் போட்ட தனி திட்டத்துல இந்த பெரிய தலைப்புகளையும் தொட்டு 10 வருஷத்துக்கு 9 டிரில்லியன் குறைக்கலாம்னு சொன்னாரு. அத யாரும் ஷேர் பண்ணல. ட்ரெட்மில்ல ஓடுற இறால்தான் உலகமெல்லாம் போச்சு.

அந்த இறால் விஷயமும் பாதி உண்மைதான். 2011ல, ஆராய்ச்சிக்கு அரசாங்கப் பணம் குடுக்குற தேசிய அறிவியல் அறக்கட்டளைய விமர்சிச்சு கோபர்ன் ஒரு ரிப்போர்ட் விட்டாரு, அதுல அரை மில்லியன் டாலருக்கு மேல மானியம் வாங்கின ஆராய்ச்சின்னு இத சொன்னாரு. கேட்டவங்க இறாலுக்கு ட்ரெட்மில் வாங்கவே அவ்வளவு காசான்னு எடுத்துக்கிட்டாங்க, ஆனா அந்த பணம் தண்ணியோட தரம் மாறும்போதும் நோய் தாக்கும்போதும் கடல் உயிரினங்க எப்படி தாங்குதுங்குற மொத்த ஆராய்ச்சிக்கு, ட்ரெட்மில் செலவு அதுல ரொம்ப ரொம்ப சொற்பம். ஒரு செலவ கேலி பண்ற பேச்சு கேட்டீங்கன்னா அந்த தொகை எதெதுக்கெல்லாம் சேர்த்துன்னு பாருங்க, இது என் வேண்டுகோள்.

"10 வருஷத்துக்கு"ங்குற வார்த்தைய கவனிக்காம விடுறதும் இதே வகைதான். 9 டிரில்லியன்ன உடனே மலைச்சுப் போகாதீங்க, 2011ல ஒரு வருஷ செலவு 3.6 டிரில்லியன், வரவு 2.3, பற்றாக்குறை 1.3. பற்றாக்குறைங்குறது அந்த ஒரு வருஷ துண்டு, கடன்ங்குறது இத்தனை வருஷமா சேந்த மொத்தம், ரெண்டையும் போட்டு குழப்பினா எந்த பேச்சும் புரியாது.

வரி விஷயத்துக்கு வரேன், இங்கதான் நான் கொஞ்சம் நிதானமா சொல்லணும். அப்ப பெட்ரோல்ல எத்தனால் கலக்குற கம்பெனிகளுக்கு ஒரு கேலனுக்கு 45 சென்ட் டேக்ஸ் கிரெடிட், அதாவது கட்ட வேண்டிய வரில கழிச்சுக்குற சலுகை, இருந்துச்சு. கிரெடிட் போறது மக்காச்சோள விவசாயி கைக்கு இல்ல, கலக்குறவங்க கைக்கு. 2011 ஜூன்ல கோபர்ன் இத ஒழிக்கணும்னு திருத்தம் கொண்டு வந்தாரு. வரி எதிர்ப்பு இயக்கத்தோட பெரிய தலை குரோவர் நார்க்விஸ்ட், சலுகைய எடுத்தா அது வரி ஏத்துறதுதான், வேற எடத்துல அதே அளவு வரிய குறைச்சே ஆகணும்னு எதிர்த்தாரு. கோபர்னோ இது வரிச் சட்டத்துக்குள்ள ஒளிச்சு வச்ச அரசாங்கச் செலவுன்னு நின்னாரு. ரெண்டு பேருமே கன்சர்வேட்டிவ், ரெண்டு பேருமே வரிய வெறுக்குறவங்க. எனக்கு இதுல கோபர்ன் சொன்னதுதான் சரின்னு படுது, செக்கா குடுத்தா செலவு, வரில கழிச்சா செலவு இல்லன்னு சொல்றது கணக்குக்கு ஒத்து வராது, கஜானாவுக்கு ரெண்டும் ஒரே நஷ்டம்தான்.

ஓட்ட பாருங்க. ஜூன் 14ல 40க்கு 59, தோத்துடுச்சு. ரெண்டே நாள்ல, ஜூன் 16ல, கலிஃபோர்னியா டெமாக்ரட் டயான் ஃபைன்ஸ்டைனோட சேந்து வந்த திருத்தம் 73க்கு 27ல ஜெயிச்சுது. முதல் ஓட்டுல எதிரா போட்ட நிறைய டெமாக்ரட்ஸ் எத்தனால் சலுகைய காப்பாத்த போடல, சபை வழக்கத்த மீறி கோபர்ன் கட்டாயப்படுத்தி ஓட்டு கொண்டு வந்துட்டாருங்குற கோபத்துல போட்டாங்க. முதல் ஓட்ட மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, இவங்கெல்லாம் எத்தனால் லாபின்னு எழுதினா அது பொய்யாயிடும். இன்னொண்ணு, 73 ஓட்டு வாங்கியும் அந்த திருத்தம் ஒட்டியிருந்த மசோதா செத்துப்போச்சு, சலுகை கடைசில 2011 முடிவுல தானா காலாவதி ஆச்சு. அப்பவும் எத்தனால் போயிடல, இவ்வளவு கலந்தே ஆகணும்ங்குற கட்டாயம் தனிச் சட்டமா அப்படியே இருந்துச்சு.

கன்சர்வேட்டிவ்னா எண்ணெய், நிலக்கரி மட்டும்தான்னு நினைக்குறதும் தப்பு. 1992ல காத்தாலை மின்சாரத்துக்கான வரிச் சலுகைய கொண்டு வந்ததுல முக்கியமான ஆளு அயோவாவோட ரிபப்ளிகன் சக் கிராஸ்லி, எத்தனாலுக்கும் அவர்தான் காவல். அயோவாவுல மக்காச்சோளமும் காத்தாலையும் ஏராளம், அதனால எனர்ஜி பேச்சுன்னா கட்சிக்கு முன்னாடி மாநிலத்த பாக்கணும்.

இப்ப ஒரு சூட்சுமமான எடம். 2013 ஜனவரி 1 விடியக்காலை ரெண்டு மணி வாக்குல செனட் ஒரு வரி மசோதாவுக்கு 89க்கு 8ன்னு ஓட்டு போட்டுச்சு, கோபர்னும் ஆதரவு. அது மேல்தட்டு வரி விகிதத்த 35லருந்து 39.6 சதவீதமா ஆக்குச்சு, தம்பதிக்கு 450,000 டாலருக்கு மேல போற வருமானத்துக்கு மட்டும், முழு வருமானத்துக்கும் இல்ல, நம்ம ஊரு வரி ஸ்லாப் மாதிரியேதான். அப்ப கோபர்ன் வரி ஏத்த ஓட்டு போட்டாரா? முந்தின நாள் நடு ராத்திரியோட பழைய வரிக் குறைப்பெல்லாம் காலாவதி ஆயிடுச்சு, சட்டப்படி அந்த நேரத்துல எல்லாருக்குமே வரி ஏறிப்போயிருந்துச்சு, அந்த கணக்குல பாத்தா அந்த மசோதா பெரும்பாலானவங்களுக்கு வரிக் குறைப்பு. முந்தின வருஷத்தோட ஒப்பிட்டா பணக்காரங்களுக்கு வரி ஏத்தம். ஒரே ஓட்டு, எங்கருந்து அளக்குறீங்கன்றத பொறுத்து பேரு மாறுது. செலவுலயும் இதேதான், ஒரு துறைக்கு இப்ப 100, அடுத்த வருஷம் 110 ஆகும்னு கணிச்சிருக்காங்க, 105 குடுத்தா ஒருத்தர் 5 வெட்டிட்டாங்கன்னு பேசுவாரு, இன்னொருத்தர் 5 ஏத்திட்டாங்கன்னு பேசுவாரு, ரெண்டு பேர் சொல்றதும் நிஜம்.

ஓட்ட மட்டும் பாத்தா போதும்னும் சொல்ல வரல. ஓக்லஹோமாவோட இன்னொரு செனட்டர் ஜிம் இன்ஹாஃப் 2015 பிப்ரவரி 26ல சபைக்குள்ள பனி உருண்டை கொண்டு வந்து வீசினாரே, வெளிய குளிருதுன்னு காட்டி புவி வெப்பமாதல மறுக்க, அந்த வீடியோ எல்லாருக்கும் தெரியும். ஒரு நாள் குளிருக்கும் பல வருஷ வெப்பநிலைக்கும் சம்பந்தம் இல்லன்னு சொல்லித்தான் ஆகணும். ஆனா அதுக்கு ஒரு மாசம் முன்னாடி, ஜனவரி 21ல, பருவநிலை மாற்றம் நிஜம், புரளி இல்லன்னு ஒரு திருத்தம் 98க்கு 1ல ஜெயிச்சப்ப இன்ஹாஃபும் ஆதரவா ஓட்டு போட்டிருக்காரு! காரணம், பருவநிலை எப்பவும் மாறிக்கிட்டேதான் இருந்திருக்குன்னு அவர் வாதம், மனுஷன்தான் காரணம்னு அந்த வாசகத்துல இல்ல. மனுஷனோட பங்கு கணிசம்னு சொன்ன இன்னொரு திருத்தம் அன்னைக்கே 50க்கு 49 வாங்கியும், பாஸ் ஆக தேவையான 60 ஓட்டு இல்லாம விழுந்துச்சு. திருத்தத்தோட வாசகத்த படிக்காம ஓட்டு எண்ணிக்கைய மட்டும் பாத்தா இன்ஹாஃப் மனசு மாறிட்டாருன்னு எழுதிடுவீங்க.

சபை காலியா இருக்கேன்னு கேக்குறவங்களுக்கு, ஆமா, பெரும்பாலும் காலிதான், பேச்சு கேமராவுக்குத்தான். 1984 மே மாசம் ஹவுஸ் ஸ்பீக்கர் (சபாநாயகர்) டிப் ஓ'நீல், ரிபப்ளிகன் உறுப்பினர் நியூட் கிங்ரிச் கோஷ்டி காலி நாற்காலிகளுக்கு சவால் விட்டுக்கிட்டிருந்தத காட்ட கேமராவ ஹவுஸ் முழுக்க சுத்த வச்சாரு. சபை நடவடிக்கைகளோட அதிகாரப்பூர்வ பதிவா அச்சுல வர்ற காங்கிரஷனல் ரெக்கார்டையும் அப்படியே பேசினதா எடுத்துக்காதீங்க, உறுப்பினர்கள் பின்னாடி திருத்தலாம், பேசாததயும் சேக்கலாம். 1972 அக்டோபர் 16ல லூசியானாவோட ஹவுஸ் உறுப்பினர் ஹேல் பாக்ஸ் போன விமானம் அலாஸ்காவுல காணாமப் போச்சு, ரெண்டு நாள் கழிச்சு 18ஆம் தேதி ரெக்கார்டுல அவர் சபையில நின்னு பேசுற மாதிரி ஒரு பேச்சு அச்சாகியிருக்கு. அதுக்கப்புறம் 1978லருந்து பேசாத பேச்சுக்கு கரும்புள்ளி போட்டு அடையாளம் காட்ட ஆரம்பிச்சாங்க.

சரிபார்க்க வழி இருக்கு. செனட்டோட தளத்துல பேர் பேரா பதிவான ஓட்டெல்லாம் தேதியோட இருக்கு, காங்கிரஸ்.கவ்ல திருத்தத்தோட முழு வாசகம் இருக்கு. செலவ தேட யுஎஸ்ஏஸ்பெண்டிங்.கவ் இருக்கு, அது வந்ததே 2006ல கோபர்னும் அப்ப செனட்டரா இருந்த ஒபாமாவும் சேந்து கொண்டு வந்த சட்டத்தாலதான். அதுலயும் ஒரு எச்சரிக்கை, அங்க பெருசா தெரியுற தொகை பல சமயம் குடுக்குறதா அரசாங்கம் ஒத்துக்கிட்ட தொகை, கைய விட்டுப் போன தொகை பக்கத்துல தனியா இருக்கும், ரெண்டையும் பாத்துட்டு எழுதுங்க.