பங்கில் பணிசெய்ய முன்வருவோருக்கு: அன்பியத்திலிருந்து தொடங்குங்கள்

தமிழகத்துக் கத்தோலிக்கப் பங்குகளில், அதாவது ஒரு கோயிலையும் அதன் குருவையும் சார்ந்த மக்கள் சமூகங்களில், பணிசெய்ய விரும்பும் ஒருவர், பெரும்பாலும் ஞாயிறு திருப்பலி முடிந்ததும் பங்குத்தந்தையைச் சந்தித்து, "சாமி, கோயிலுக்கு ஏதாவது செய்யணும்னு ஆசை" என்று சொல்வதிலிருந்துதான் தொடங்குகிறார். பங்குத்தந்தையும் மகிழ்ந்து, அந்நேரத்தில் நினைவுக்கு வரும் பொறுப்பு ஒன்றைத் தருகிறார். அது பொருந்தினால் நன்று. பொருந்தாவிட்டால் சில மாதங்களில் கைவிடப்படுகிறது. பொருந்தினாலும் இன்னொரு சிக்கல் இருக்கிறது. ஒரு குருவின் ஊக்கத்தை மட்டுமே நம்பித் தொடங்கிய பணி, சில ஆண்டுகளுக்குப் பின் அவருக்குப் பணியிட மாற்றம் வந்ததும் நின்றுபோகிறது. ஆகவே பீடத்தின் அருகில் இடம் தேடுவதற்கு முன், தாம் குடியிருக்கும் தெருவின் அன்பியத்தில், அதாவது அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் வீடுகளில் கூடிச் செபிக்கும் சிறு குழுவில், தொடங்குவதே உறுதியான வழி என்பது என் கருத்து.

புதிதாகக் குடிவந்தவர் முதலில் பங்கு அலுவலகத்தில் குடும்பப் பதிவேட்டில் பெயர் சேர்த்து, தம் வீடு எந்த அன்பியத்தின் எல்லைக்குள் வருகிறது என்று கேட்டறிய வேண்டும். அதன்பின் இரண்டு மூன்று அன்பியக் கூட்டங்களுக்கு எந்தப் பொறுப்பும் ஏற்காமல் சென்று அமர்ந்திருப்பது நல்லது. அங்கே கவனிக்க வேண்டியது, வந்திருப்பவர்களைவிட வராதவர்களையே. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கத் தனியே வாழும் முதியவர், கூட்டத்தைத் தம் வீட்டில் நடத்த வசதி இல்லாததால் ஒதுங்கிக்கொண்ட குடும்பம், பழைய மனத்தாங்கல் ஒன்றால் ஆண்டுக்கணக்கில் கோயில் பக்கம் வராதவர் ஆகியோரின் பெயர்கள் அன்பியப் பொறுப்பாளருக்குத் தெரிந்திருக்கும், கேட்டால் சொல்வார். திருமண ஓலை (திருமணத்திற்கு முன் கோயிலில் வாசிக்கப்படும் அறிவிப்பு) வாசிப்பதற்கு என்னென்ன சான்றிதழ்கள் வேண்டும் என்று தெரியாமல் அலைகிற குடும்பமும், முதியோர் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கத் துணை வேண்டிய பாட்டியும் அந்தப் பட்டியலில் இருக்கலாம். திருத்தூதர் பணிகள் நூலின் ஆறாம் அதிகாரத்தில், அன்றாடப் பந்தியில் கிரேக்க மொழி பேசும் கைம்பெண்கள் கவனிக்கப்படவில்லை என்ற முறையீடு எழுந்த பிறகே எழுவர் தெரிந்தெடுக்கப்பட்டார்கள். தேவை முதலில் தெரிந்தது, பொறுப்பு பிறகு வந்தது. நம் பங்குகளில் இது தலைகீழாக நடப்பதால்தான், பதவிகள் நிரம்பியிருக்கும்போதே நோயாளி ஒருவர் மாதக்கணக்கில் யாரும் எட்டிப் பார்க்காமல் கிடக்கிறார்.

நோயாளர் வீட்டுக்குச் செல்லும் முறை

இப்பணியை இருவராகச் செய்வதே மரபு. 1833இல் பாரிஸில் ஃபிரடெரிக் ஓசானாம் என்னும் இளம் மாணவர் தம் தோழர்களுடன் தொடங்கிய வின்சென்ட் தே பவுல் சபையும், 1921இல் டப்ளினில் தோன்றிய மரியாயின் சேனையும் தம் உறுப்பினரை இருவர் இருவராகவே வீடுகளுக்கு அனுப்புகின்றன. இருவராகச் செல்வது பாதுகாப்புக்கும் நல்லது, பின்னர் ஐயம் எழாமலிருக்கவும் நல்லது. உங்கள் பங்கில் இவ்விரண்டில் ஒன்று செயல்பட்டால், தனியாக ஒரு குழுவைத் தொடங்காமல் அதிலேயே சேர்ந்துகொள்ளுங்கள்.

செல்லும் முன் தொலைபேசியில் நேரம் கேளுங்கள். மதிய உணவு வேளையும், நோயாளியைக் குளிப்பாட்டும் வேளையும் வேண்டாம். பத்துப் பதினைந்து நிமிடங்கள் போதும். ஆனால் அந்நேரம் முழுவதும் உட்கார்ந்தே பேச வேண்டும், வாசற்படியில் நின்று நலம் கேட்பது வருகையாகாது. மருந்து பற்றியும் மருத்துவர் பற்றியும் ஆலோசனை சொல்லாதீர்கள். உங்கள் மாமாவுக்கு இதே நோய் வந்து அவர் இறந்த கதையையும் சொல்லாதீர்கள். இதை எழுத வேண்டியிருக்கிறது என்பதே வியப்புதான், ஆனாலும் எழுத வேண்டியிருக்கிறது. நோயாளியுடன் படம் எடுத்துப் பங்கின் வாட்சப் குழுவில் போடுவது எந்த நிலையிலும் கூடாது. பண உதவி தருவதாயின் அக்கம்பக்கத்தார் அறியாமல் உறையிலிட்டுக் கொடுங்கள். பல வீடுகளில் உதவி தேவைப்படுவது நோயாளியைவிட அவரைக் கவனித்துக்கொள்பவருக்கே. "நான் ஒரு மணி நேரம் இங்கே இருக்கிறேன், நீங்கள் கடைக்குப் போய் வாருங்கள்" என்று சொன்னால் அவருடைய முகம் மலர்வதைக் காண்பீர்கள்.

நோயாளி குருவைப் பார்க்க விரும்பினால் அன்றே பங்குத்தந்தைக்குத் தெரிவியுங்கள். அவஸ்தை கொடுக்க, அதாவது நோயாளிக்கு எண்ணெய் பூசி மன்றாட, சாமியார் வந்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்ற அச்சம் நம் குடும்பங்களில் இன்னும் இருக்கிறது; அதனால் நினைவு தவறிய பிறகே குருவை அழைக்கிறார்கள். நோயில்பூசுதல் எனப்படும் இந்த அருளடையாளம் சாகும் தறுவாயில் இருப்போருக்கு மட்டும் உரியதன்று என்பதை இரண்டாம் வத்திக்கான் சங்கம் தெளிவாகவே கூறியுள்ளது. கடும் நோயுற்றவரும் முதுமையால் தளர்ந்தவரும் தெளிந்த நினைவுடன் இருக்கும்போதே அதைப் பெறலாம் என்று குடும்பத்தாருக்கு மென்மையாக எடுத்துச் சொல்லுங்கள். அந்த அருளடையாளத்தை வழங்குபவர் குரு மட்டுமே. வீட்டில் கிடப்பவருக்கு நற்கருணை (திருப்பலியில் அர்ப்பணிக்கப்பட்ட அப்பம்) கொண்டுசெல்வதோ, ஆயரின் இசைவு பெற்ற பொதுநிலையினரும், அதாவது குருவோ துறவியோ அல்லாதவரும், செய்யக்கூடியது. 1973ஆம் ஆண்டு ஆவணம் ஒன்றின் வழியாகத் திருத்தந்தை ஆறாம் பவுல் இதற்கு இடம் தந்தார். இதை விரும்பிக் கேட்டுப் பெறுவதைவிட, பங்குத்தந்தை அழைக்கும்போது பயிற்சி பெற்று ஏற்பதே பொருத்தம். நற்கருணைச் சிமிழை ஏந்திச் செல்பவர் வழியில் கடைக்கும் அலுவலுக்கும் திரும்பாமல் நேரே அந்த வீட்டுக்குச் செல்ல வேண்டும். வெண்துணி விரித்து மெழுகுதிரி ஏற்றி வைக்குமாறு வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தால், அங்கே போனபின் பரபரப்பு இராது.

வாசகராக முன்வருவோர்

பீடத்தைச் சார்ந்த பணிகளில் அதிகம் பேர் விரும்புவதும், குறைந்த ஆயத்தத்துடன் செய்வதும் இதுதான். திருப்பலி தொடங்க ஐந்து நிமிடம் இருக்கும்போது, நல்ல குரல் உடைய யாரையாவது பிடித்து வாசக நூலைக் கையில் கொடுக்கும் வழக்கம் பல பங்குகளில் உள்ளது. அழைக்கப்பட்டவர் மறுத்தாலும் தவறில்லை என்றே சொல்வேன்.

ஞாயிறு வாசகங்கள் மூன்று ஆண்டுச் சுழற்சியிலும், வார நாள் வாசகங்கள் இரண்டு ஆண்டுச் சுழற்சியிலும் அமைந்துள்ளன. ஆகவே எந்த ஞாயிறுக்கு எந்தப் பகுதி என்பது முன்னதாகவே தெரிந்த ஒன்று. புதன்கிழமைக்குள் பகுதியை எடுத்து, திருவிவிலியத்தில் அதற்கு முன்னும் பின்னும் உள்ள வசனங்களையும் சேர்த்துப் படியுங்கள்; யார், யாரிடம், எந்தச் சூழலில் பேசுகிறார் என்று புரியாமல் வாசிப்பவரின் குரலில் அந்தக் குழப்பம் கேட்கும். புனித பவுலின் திருமுகங்கள் தனிக் கவனத்திற்கு உரியவை. தமிழில் வினைமுற்று கடைசியில் வருவதால், அவருடைய நீண்ட வாக்கியங்களில் எழுவாயை அழுத்திச் சொல்லி, இடையிலுள்ள தொடர்களைத் தாழ்த்தி, வினையில் மீண்டும் குரலை நிறுத்தினால்தான் கேட்பவருக்குப் பொருள் பிடிபடும். நிறுத்த வேண்டிய இடங்களைத் தனித்தாளில் எழுதிக் குறித்துக்கொள்ளுங்கள். தூய ஆவி பெருவிழாவில் வரும் கப்பதோக்கியா, பம்பிலியா போன்ற பெயர்களை வாய்விட்டு ஐந்தாறு முறை சொல்லிப் பழகுங்கள். ஒலிப்பில் ஐயம் இருந்தால் சனிக்கிழமையே குருவிடமோ அருள்சகோதரியிடமோ கேளுங்கள்.

வாசக மேடையில் கைப்பேசியைப் பார்த்து வாசிக்காதீர்கள், அதற்கென்றே நூல் இருக்கிறது. "முதல் வாசகம்" என்ற தலைப்பையும், சிறு எழுத்தில் இருக்கும் கருத்து வரியையும் வாசிக்க வேண்டியதில்லை. "இறைவாக்கினர் எசாயா நூலிலிருந்து வாசகம்" என்று நேரே தொடங்கலாம். முடிந்ததும் ஒரு கணம் நிறுத்தி, பின்னரே "ஆண்டவரின் அருள்வாக்கு" என்று சொல்லுங்கள். பெண்கள் வாசிப்பதைப் பற்றி இன்னும் முணுமுணுப்போர் இருந்தால், 2021 ஜனவரியில் திருத்தந்தை பிரான்சிஸ் திருச்சபைச் சட்டத்தைத் திருத்தி, வாசகர், பீடத்துணைவர் என்னும் நிலையான பணிகளையே பெண்களுக்கும் திறந்துவிட்டார் என்பதை அவர்களுக்குச் சொல்லலாம்.

பாடகர் குழுவைப் பற்றி ஒன்று மட்டும்: மக்கள் சேர்ந்து பாட முடியாத பாடலைத் திருப்பலியில் பாடுவது கச்சேரியாகிவிடும்.

மறைக்கல்வியும் சிறுவர் பாதுகாப்பும்

தமிழ்க் கிறிஸ்தவத்தில், மக்களுக்கு மறையைக் கற்பிக்கும் உபதேசியார் பணி மிகப் பழைமையானது. வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டில் அவர்களுக்கென்றே 'வேதியர் ஒழுக்கம்' என்ற நூலை எழுதினார். இன்று ஞாயிறு மறைக்கல்வி வகுப்புகளை நடத்துவோர் பெரும்பாலும் கல்லூரி மாணவரும் இல்லத்தரசிகளும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும்தான். கற்பிக்க விரும்புவோர் முதல் ஆண்டில் அனுபவமுள்ள ஆசிரியர் ஒருவரின் வகுப்பில் துணையாக இருந்து, வருகைப் பதிவும் பாட ஆயத்தமும் கற்றுக்கொள்வது நல்லது. முதன்முறை நற்கருணை பெறும் புதுநன்மைக்கும் உறுதிப்பூசுதலுக்கும் ஆயத்தம் செய்யும் வகுப்புகளை அதன்பின் ஏற்கலாம். மனப்பாடச் செபங்களை ஒப்பிக்கச் செய்வதோடு நின்றுவிடாதீர்கள். ஆனால் செபங்களே தெரியாத பிள்ளைகளாகவும் அனுப்பிவிடாதீர்கள்.

சிறுவரோடு பழகும் எந்தப் பணியிலும், அது மறைக்கல்வியோ பீடச்சிறார் பயிற்சியோ சுற்றுலாவோ எதுவாயினும், பெரியவர் ஒருவரும் சிறுவர் ஒருவரும் மூடிய அறையில் தனித்திருக்கக் கூடாது. பெற்றோருக்குத் தெரியாமல் தனிச் செய்தி அனுப்பக் கூடாது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, சிறார் மீதான பாலியல் குற்றம் பற்றி அறிந்தவர் காவல் துறைக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர். பங்கின் நற்பெயர் கருதி உள்ளுக்குள்ளேயே பேசி முடிப்பது சட்டத்திற்கும் நற்செய்திக்கும் எதிரானது. சிறுவர் உதவி எண்ணான 1098ஐ வகுப்பறைச் சுவரில் பிள்ளைகள் கண்ணில் படும்படி எழுதிவைப்பதற்கு யாருடைய அனுமதிக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை.

திருவிழா, காணிக்கை, பங்குப் பேரவை

திருவிழா நாள்களில் கொடியேற்றத்திற்கும் தேர்ப்பவனிக்கும் ஆள் குறைவதே இல்லை. குறைவது கழிப்பறையைக் கவனிக்கவும், குடிநீர்த் தொட்டியை நிரப்பவும், அசனம் என்னும் பொது விருந்து முடிந்தபின் பந்தல் தரையைக் கழுவவும்தான். புதியவர் இவற்றில் ஒன்றைக் கேட்டுப் பெறலாம். வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் 29 அன்று கொடியேறுவதற்கு முன்னரே காவி உடுத்திய பயணிகள் சாலையோரமாக நடந்து செல்லத் தொடங்குவார்கள். அந்த வழிகளில் உள்ள பங்கினர் மோரும் படுக்க இடமும் தருவதோடு, காலில் கொப்புளம் கண்டவர்களுக்கு முதலுதவியும், இருளில் நடப்போரின் பைகளில் ஒட்ட ஒளிரும் பட்டைகளும் வைத்திருப்பது பயன்படும்.

பந்தியும் தேரின் தடமும் சாதியைப் பார்த்து அமையும் ஊர்கள் இன்றும் உள்ளன என்பதை மறைக்க வேண்டியதில்லை. வடக்கன்குளம் கோயிலுக்குள் சாதிகளைப் பிரித்து நின்ற சுவர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் இடிக்கப்பட்டது. அதே ஊரில் 1745இல் திருமுழுக்குப் பெற்று, எல்லாச் சாதியாரோடும் சமமாகப் பழகியவர்தான், 2022 மே 15 அன்று புனிதராக உயர்த்தப்பட்ட பொதுநிலையினரான தேவசகாயம். அவருடைய படத்தைக் கோயிலில் வைத்துவிட்டு, அசன வரிசையை இரண்டாகப் பிரிக்கும் குழுவில் பொறுப்பேற்க நேர்ந்தால், அப்பொறுப்பை ஏற்காமல் அதன் காரணத்தையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

காணிக்கை எண்ணுவதற்கு உறவினரல்லாத இருவராவது வேண்டும். அன்றே எண்ணி, தொகையை எழுதி, இருவரும் கையொப்பமிட வேண்டும். ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருந்தே ஆக வேண்டும் என்று திருச்சபைச் சட்டம் 537 கூறுவதால், கணக்கறிந்தவர்கள் அங்கே தயங்காமல் முன்வரலாம். பங்குப் பேரவையோ சட்டம் 536இன்படி ஆலோசனை கூறும் அவைதான். முடிவெடுக்கும் அதிகாரத்தை எதிர்பார்த்து அதில் நுழைபவர் முதல் ஆண்டிலேயே மனம் கசந்து வெளியேறுகிறார்.

எந்தப் பணியை ஏற்றாலும் ஓராண்டுக்கு மட்டும் என்று சொல்லி ஏற்றுக்கொள்ளுங்கள்; அடுத்தவருக்குக் கைமாற்றுவதற்கென ஒரு குறிப்பேட்டையும் வைத்திருங்கள். எந்த வீட்டில் எந்நேரம் செல்லலாம், திருவுடை அறையின் மாற்றுச் சாவி யாரிடம் உள்ளது, மறைக்கல்வியில் எந்தப் பிள்ளைக்கு வாசிப்பதில் உதவி வேண்டும் என்பவை அதில் இருக்கட்டும். குடும்ப இரகசியங்கள் மட்டும் அதில் ஏறக் கூடாது. நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் இடையில் வரும் திருவருகைக்காலத்தின் முதல் ஞாயிறு, புதிய வழிபாட்டு ஆண்டும் புதிய வாசகச் சுழற்சியும் தொடங்கும் நாளாகையால், பொறுப்பை ஒப்படைக்கவும் புதியவரை அன்பியத்திற்கு அறிமுகப்படுத்தவும் அதையே குறித்துக்கொள்ளலாம்.