ஆச்சி சொன்னதை எழுதிவைப்பது எப்படி

முதல் நாள் கொப்பியும் பேனையும் கொண்டுபோகாதீர்கள். நான் கொண்டுபோனேன், எட்டு மாதத்தை இழந்தேன்.

வன்னியில், ஒட்டுசுட்டானில் எங்கள் ஆச்சி திண்ணையிலிருந்து பாக்குச் சீவிக்கொண்டே தன் அக்காவைப் பற்றிச் சொன்னார். பெரியாச்சிக்கு உரு வருமாம், சாமி வந்து வாக்குச் சொல்வாராம். மாடு காட்டுக்குள் தவறிவிட்டால் ஐயனார் கோயில் வாசலில் நின்று, அது எந்தக் குளத்தின் அலைகரையில் நிற்கிறது என்று சொல்லிவிடுவாராம். நான் முன்பள்ளி ஆசிரியை, கேள்வி கேட்டே பழகிய வாய். "உண்மையாவோ ஆச்சி? எத்தனையாம் ஆண்டு?" என்றேன். ஆச்சி பாக்குவெட்டியை மடக்கிவைத்துவிட்டு, "கோழி அடைக்கவேணும் பிள்ளை" என்று எழும்பிப் போனார். பிறகு எட்டு மாதம் பெரியாச்சியின் பேச்சையே எடுக்கவில்லை.

அந்த இடைவெளியில்தான் லோசனைப் பற்றி வாசித்தேன். அமெரிக்கப் பழங்குடிகளில் ஒன்றான அப்பாச்சி இனப்பெண். (அப்பாச்சி என்றதும் அப்பாவின் அம்மாதான் நினைவுக்கு வருவார். எனக்கும் சிரிப்பு வந்தது.) இன்றைய நியூ மெக்சிக்கோப் பக்கம் வாழ்ந்த சிகெனெப் பிரிவின் தலைவன் விக்டோரியோவின் தங்கை. கைகளை விரித்து, உள்ளங்கைகளை மேலே காட்டி, படைத்தவனான உசெனை வேண்டியபடி மெல்லச் சுற்றுவாளாம். எதிரி இருக்கும் திசை வந்ததும் உள்ளங்கை குறுகுறுத்து நிறம் மாறுமாம். 1880 ஒக்டோபரில் மெக்சிக்கோவின் ட்ரெஸ் காஸ்டியோஸ் குன்றுகளில் விக்டோரியோவின் கூட்டம் சுற்றிவளைக்கப்பட்டபோது அவள் அங்கே இல்லை. ஒரு இளந்தாயையும் குழந்தையையும் மெஸ்கலேரோ என்ற இன்னொரு அப்பாச்சிப் பிரிவினரிடம் சேர்க்கப் போயிருந்தாள். அவள் நின்றிருந்தால் நாங்கள் அகப்பட்டிருக்க மாட்டோம் என்று தப்பியவர்கள் சொன்னார்கள்.

இராணுவத் தாள்களில் அவள் பெயரைக் காண்பது அருமை. 1886 செப்டெம்பரில் அப்பாச்சிப் போர்வீரன் ஜெரோனிமோவையும் ஆட்களையும் கைதிகளாக ஏற்றிச்சென்ற ரயிலுக்குப் பக்கத்தில் எடுத்த படத்தில் அவளும் இருப்பதாகச் சொல்கிறார்கள். 1889இல் அலபாமாவில் காசநோயால் இறந்தாள். புதைத்த இடத்துக்கு அடையாளம் இல்லை. நமக்கு அவளைத் தெரிந்திருப்பது, ஈவ் போல் என்ற பெண் நியூ மெக்சிக்கோவின் ருய்டோசோவில் குடியிருந்து, முதியவர்களிடம் ஆண்டுக்கணக்காகப் போய்வந்ததால். ட்ரெஸ் காஸ்டியோஸில் சிறுபிள்ளையாகத் தப்பிய ஜேம்ஸ் கேவேக்லா அவரிடம் சொன்னவை 1970இல்தான் அச்சாகின. அவ்வளவு காலம் ஏன் வாய் திறக்கவில்லை? மணமாகாத பெண் ஆண்களோடு சண்டைக்குப் போனதை வெளியார் கொச்சையாகப் பேசுவார்கள் என்ற தயக்கம். ஆச்சி ஏன் எழும்பிப் போனார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

சரி, இனி வேலைக்கு வருவோம். "உண்மையா" என்று கேட்காதீர்கள், "ஆர் சொன்னது?" என்று கேளுங்கள். முதல் கேள்வி ஆளைச் சந்தேகிக்கிறது, இரண்டாவது கதை வந்த வழியைக் காட்டுகிறது. ஆண்டும் கேட்கவேண்டாம். "64 புயலுக்கு முந்தியோ பிந்தியோ?" என்றால் உடனே பதில் வரும்.

அதைவிட முக்கியம், "ஆம்" என்ற சின்ன ஒட்டு. ஆச்சி "நின்றார்" என்றால் கண்டது, "நின்றாராம்" என்றால் கேட்டது. கண்டதற்கும் கேட்டதற்கும் உள்ள வேலியை நம் மொழி ஒரே ஒட்டில் போட்டுவைத்திருக்கிறது. சுத்தமான நடை வேண்டும் என்று அந்த "ஆம்"களை வெட்டித்தள்ளிவிட்டு, கதையில் ஆதாரம் இல்லை என்று பிறகு குறைசொல்வது நியாயமில்லை. என் முதல் கொப்பியில் ஒரு "ஆம்"கூட இல்லை. வெட்கமாக இருக்கிறது.

உரு, வாக்கு, நேர்த்தி வரும் இடங்களில் கை துறுதுறுக்கும். ஒன்று "மூடநம்பிக்கை" என்று எழுதத் தோன்றும், அல்லது அற்புதமாக ஊதத் தோன்றும். இரண்டும் வேண்டாம். வட்டாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கலுக்கு முன்னர் முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் கடல்நீரில் விளக்கெரிகிறது. தண்ணீர் எங்கே எடுத்தார்கள், யார் சுமந்தார்கள், தான் எங்கே நின்று பார்த்தார் என்பதைச் சொல்கிறவர் வாயால் எழுதினால் போதும். விளக்கம் சொல்வது உங்கள் வேலையல்ல.

கதை திண்ணையில் நின்றுவிட்டால் ஆளை இடத்துக்குக் கூட்டிப்போங்கள். மேற்கு அப்பாச்சி மக்களிடம் இடப்பெயரைச் சொன்னாலே அதன் கதையும் கூடவே வந்துவிடும். வன்னியிலும் அப்படித்தான். குளக்கட்டில் ஏறி நின்று "இந்த வாய்க்காலுக்கு ஏன் இந்தப் பெயர்?" என்று கேட்டுப் பாருங்கள். வெயில் தாழ்ந்தபிறகு போங்கள், தண்ணீர்ப் போத்தல் மறக்கவேண்டாம்.

அப்புறம்தான் எழுத்துச் சான்று. கற்சிலைமடுவில் வெள்ளையர் நட்ட கல், 1803 ஒக்டோபர் 31இல் கப்டன் வொன் ட்ரிபேர்க் வன்னி மன்னன் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தார் என்றது. திகதி கல்லிலிருந்து கிடைக்கும், எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊர்க் கூத்தில் வருகிற அவனுடைய தங்கை நல்லநாச்சி அந்தக் கல்லில் இல்லை. கல்லை வைத்துக் கூத்தையோ, கூத்தை வைத்துக் கல்லையோ திருத்தாதீர்கள். கொப்பியின் இடப்பக்கத்தில் வாய்மொழி, வலப்பக்கத்தில் தாள். முரண்படும் இடத்தில் இரண்டையும் அப்படியே விடுங்கள்.

அண்மைக்காலக் கதைக்குள் பேச்சுத் திரும்பினால், அவர் சொல்லமுன்னமே கைத்தொலைபேசியின் பதிவை நிறுத்திவிடுங்கள். பெயரைச் சொல்லவேண்டாம் என்றால் எழுதாதீர்கள். அப்பாச்சி மக்களிடமும் இறந்தவரின் பெயரை வாய்விட்டுச் சொல்லாத வழக்கம் உண்டு.

பிரதி இரண்டு வேண்டும், ஒன்று வேறு ஊரில் இருக்கட்டும். 2009இல் எங்கள் வீட்டுப் படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

கடைசியில் எழுதியதைச் சொன்னவருக்கே வாசித்துக் காட்டுங்கள். ஆச்சிக்கு வாசித்தபோது கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "வெள்ளைப் பசு இல்லை மோனை, சிவலை" என்றார். திருத்தினேன். பிறகு தானாகவே, "அக்கா ஒருக்கால் பிழையாயும் சொன்னவ, தெரியுமோ?" என்று தொடங்கினார்.